பதக்கம் பணிக்கா, பதவிக்கா?

குடியரசு தினத்தை ஒட்டி ராணுவ விருதுப் பட்டியல் வெளியாகும். அதைக் கண்ணாடி மாட்டிக்கொண்டு கடைசிப் பெயர் வரை படிப்பவர்கள் மதுரையில் எத்தனை பேரோ தெரியாது. நான் படிக்கிறேன். ராணுவ மருத்துவப் படையில் 20 வருஷத்துக்கு மேல் கிளார்க்காக இருந்துவிட்டு ஊர் திரும்பியவன், பழக்கம் விடவில்லை. அந்தப் பட்டியலோடு எனக்கு ஒரு சண்டை பாக்கி இருக்கிறது. இன்றைக்குப் போட்டுவிடுகிறேன்.

தெரியாதவர்களுக்காக முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும். போர்க்களத்து வீரத்துக்கு பரம் வீர் சக்கரம், மகா வீர் சக்கரம், வீர் சக்கரம். போர்க்களத்துக்கு வெளியே காட்டும் வீரத்துக்கு அசோக சக்கரம் முதலானவை. இவை போக, சிறந்த பணிக்கென்றே தனி வரிசை உண்டு: பரம் விசிஷ்ட சேவா பதக்கம், அதி விசிஷ்ட சேவா பதக்கம், விசிஷ்ட சேவா பதக்கம். 1960-ல் தொடங்கியபோது இவற்றுக்கு முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு என்று பெயர். 1967-ல் வகுப்பை எடுத்துவிட்டு இப்போதுள்ள பெயர்களை வைத்தார்கள். பெயரை விட்டுத்தான் வகுப்பு போயிற்று, வழக்கத்தை விட்டுப் போகவில்லை.

விதிப்படி எந்தப் பதவியில் இருப்பவருக்கும் இவற்றைத் தரலாம். நர்சிங் சேவையில் இருப்பவர்களுக்கும் தரலாம். சிப்பாய்க்குக் கிடையாது என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. நடப்போ வேறு. முதல் பதக்கம் பெரும்பாலும் லெப்டினன்ட் ஜெனரலுக்கு. அடுத்தது மேஜர் ஜெனரலுக்கு. மூன்றாவது பிரிகேடியருக்கும் கர்னலுக்கும். நீங்கள் பதவியை மட்டும் சொல்லுங்கள், எந்தப் பதக்கம் என்று நான் சொல்கிறேன். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆஸ்பத்திரி வார்டில் ராத்திரி பகலாக நிற்கும் நர்சிங் அசிஸ்டெண்டுக்கு அதிகபட்சம் ஒரு கமெண்டேஷன் கார்டு.

"பெரிய பொறுப்பைச் சுமப்பவருக்குப் பெரிய பதக்கம், இதில் என்ன தப்பு?" என்று என் நண்பர்களே கேட்கிறார்கள். பொறுப்புக்குத்தான் பதவி கொடுத்தாயிற்று. சம்பளம், கார், பங்களா, பென்ஷன் எல்லாம் அதற்காகத்தான். பதக்கத்தையும் பதவியோடு சேர்த்து எண்ணிக்கொடுத்தால் அது விருது இல்லை ஐயா, இன்னொரு இன்க்ரிமென்ட்.

"ஜவானுக்குத்தான் வீர விருதுகள் இருக்கின்றனவே" என்பது அடுத்த வாதம். வீர விருது ஒரு நாளில், சில நிமிடத்தில் செய்த காரியத்துக்கு. காபூலில் 2010 பிப்ரவரி 26 அன்று மேஜர் லைஷ்ராம் ஜோதின் சிங் செய்தது அப்படிப்பட்டது. மணிப்பூர்க்காரர், ராணுவ மருத்துவப் படை டாக்டர். கையில் ஆயுதம் கிடையாது. தங்கியிருந்த விடுதிக்குள் வந்த தற்கொலைப் படையாளைக் கட்டிப்பிடித்துத் தடுத்து, கூட இருந்தவர்களைக் காப்பாற்றி, உயிரை விட்டார். அடுத்த ஆண்டு அசோக சக்கரம் கொடுத்தார்கள். அதற்கு ஈடு இணை கிடையாது. ஆனால் தீக்காய வார்டில் 15 வருஷம், தினமும் காலையில், கத்துகிற மனிதனைச் சமாதானப்படுத்திக் கட்டுப் பிரித்துக் கட்டியவனை எந்தக் கணக்கில் வைப்பது? அது வீரம் இல்லை, சிறந்த பணி. அதற்கென்று உண்டாக்கிய பதக்கம்தானே மேலே போய் உட்கார்ந்திருக்கிறது?

இதை ஊகத்தில் சொல்லவில்லை. நான் வேலை பார்த்த ஓர் ஆஸ்பத்திரியில், பெயர் வேண்டாம், அப்படி ஒருவர் இருந்தார். நம் பேரையூர்ப் பக்கத்து ஹவில்தார். அவருக்காக வார்டு டாக்டர் எழுதிய பரிந்துரையை நான்தான் டைப் அடித்தேன். "இந்த வருஷக் கோட்டா முடிந்தது" என்று திரும்பி வந்தது. அந்த வருஷம் அதே ஆஸ்பத்திரிக்கு ஒரு பதக்கம் வந்தது. யாருக்கு என்று சொல்ல வேண்டுமா?

கொரியா யுத்தத்தை நினைத்துப் பாருங்கள். 1950 நவம்பரில் நம் 60-ஆவது பாராசூட் ஃபீல்ட் ஆம்புலன்ஸ் அங்கே போய் இறங்கியது. கமாண்டர் லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ், ஆற்காட்டுத் தமிழர். பியாங்யாங்கை விட்டுப் பின்வாங்கும்போது வண்டிகள் இல்லை, சாமான்களைப் போட்டுவிட்டு வரவேண்டிய நிலை. ரங்கராஜுக்கு மனம் வரவில்லை. ஒரு பழைய நீராவி எஞ்சினைத் தேடிப்பிடித்து, வரிசையாக நின்று வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, மருத்துவச் சாமான்களை ஏற்றிக்கொண்டு, தாங்களே ஓட்டி வந்துவிட்டார்கள். ரங்கராஜுக்கு மகா வீர் சக்கரம் கிடைத்தது, முழுக்க முழுக்கத் தகுந்தது. அதோடு நிற்கவில்லை. 1955-ல் குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத் அந்த யூனிட்டுக்கே கோப்பை கொடுத்தார். வாளி தூக்கியவனுக்கும் அதில் பங்கு உண்டு.

ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. பதக்கங்களை நெஞ்சில் அணியும் வரிசையில் பரம் விசிஷ்ட சேவா பதக்கம் மகா வீர் சக்கரத்துக்கு முன்னால் வருகிறது. குண்டு விழும் ஊரில் ஆபரேஷன் செய்து வாங்கியதற்கு முன்னால், மேஜைக்குப் பின்னால் வாங்கியது! அவ்வளவு உயரத்தில் வைத்த பதக்கத்தைப் பதவி பார்த்துக் கொடுத்தால், அதன் மரியாதையை நாமே குறைக்கிறோம்.

என்ன செய்யலாம்? மூன்று காரியம் சொல்கிறேன். மருத்துவப் படைக்கு வரும் விசிஷ்ட சேவா பதக்கங்களில் ஒரு பங்கை ஆபீசர் அல்லாதவர்களுக்கென்று ஒதுக்க வேண்டும். பதக்கம் பெற்ற ஒவ்வொருவரும் என்ன செய்தார் என்பதை, வீர விருதுக்குப் போடுவது மாதிரி, நாலு வரியாவது பகிரங்கமாகப் போட வேண்டும். அந்த நாலு வரி எழுத முடியாதவருக்குப் பதக்கம் எதற்கு? சிறந்த கமாண்ட் ஆஸ்பத்திரிக்கு 1989 முதல் ராணுவ அமைச்சர் கோப்பை தருகிறார்கள். அது போலச் சின்ன ஆஸ்பத்திரிக்கும் ஃபீல்ட் ஆம்புலன்ஸுக்கும் ஒன்று வேண்டும்.

டெல்லி கேட்கும்போது கேட்கட்டும். திருமங்கலம், உசிலம்பட்டி, பேரையூர்ப் பக்கம் பட்டாளத்துக்குப் போய் வந்தவர்கள் ஏராளம். அவர்களில் ஸ்ட்ரெச்சர் தூக்கியவர்களும், பனிமலையில் டாக்டர் எட்ட முடியாத இடத்தில் ஊசி போட்டு உயிரைப் பிடித்து வைத்தவர்களும் இருக்கிறார்கள். "பட்டாளத்தில் கம்பவுண்டர் வேலை" என்று ஊரில் ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். வருகிற ஜனவரி 26-க்கு உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கொடியேற்ற அப்படி ஒருவரைக் கூப்பிடச் சொல்லுங்கள். என்ன செய்தார் என்று பிள்ளைகள் முன்னால் அவரையே பேசச் சொல்லுங்கள். அதற்கு எந்தக் கோட்டாவும் கிடையாது.