எந்த ஜீப் என்று எழுதுங்கள்

அரசு அலுவலகங்கள் பழைய வண்டிகளை விற்கும்போது நாளிதழின் உள்பக்கத்தில் ஒரு சிறு செய்தி வரும். கழிவு செய்யப்பட்ட வாகனங்கள் பொது ஏலம், இருசக்கர வாகனங்கள் இத்தனை, நான்கு சக்கர வாகனங்கள் இத்தனை, முன்பணம் கட்டியவர்கள் ஏலம் கேட்கலாம். அந்த ‘நான்கு சக்கர வாகனங்கள்’ என்பதற்குள் காரும் வேனும் ஜீப்பும் ஒரே குவியலாகிவிடுகின்றன. எந்த வண்டி, என்ன வேலைக்காகச் செய்யப்பட்டது, எந்தத் தாலுகாவில் ஓடியது என்பதெல்லாம் அந்த வரியோடு போய்விடுகிறது. தார்ச்சாலை எட்டாத ஊர்களுக்குத் தாசில்தாரும் பி.டி.ஓ.வும் வனச்சரகரும் போய்ச் சேர்ந்தது ஜீப்பில்தான். புதுக்கோட்டை மாதிரியான ஒரு மாவட்டத்தின் அரைநூற்றாண்டு நிர்வாகமே அதில்தான் ஓடியிருக்கிறது. அதனால், ஏலத்துக்குப் போகும் ஒவ்வொரு ஜீப்பின் வகைப்பெயரையும் சரியாகப் பதிந்து வைக்க வேண்டும், ஒன்றையாவது வெட்டாமல் மாவட்ட அருங்காட்சியகத்தில் நிறுத்த வேண்டும் என்று வலியுறுத்துகிறேன்.

சிக்கல் சொல்லிலேயே தொடங்குகிறது. தமிழில் ‘நான்கு சக்கர வாகனம்’ என்றால் நான்கு சக்கரம் உள்ள எதுவும்தான். நான்கு சக்கரத்துக்கும் எஞ்சினின் இழுவை போகிறதா என்பது அதில் இல்லை. ஓட்டுநர்கள் இதை ‘ஃபோர் பை ஃபோர்’, ‘ஃபோர் பை டூ’ என்று பிரிக்கிறார்கள். முதல் எண் மொத்தச் சக்கரம், இரண்டாவது எண் இழுக்கிற சக்கரம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல இருக்கலாம். மஹிந்திரா கமாண்டரிலும் மார்ஷலிலும் இரண்டு வகையும் உண்டு. உள்ளே குனிந்து பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். பழைய வில்லிஸ் நிறுவன வண்டியின் வழி வந்த ஜீப்பில் பெரிய கியர் கம்பிக்குப் பக்கத்தில் இரண்டு குட்டைக் கம்பிகள் தரையிலிருந்து முளைத்திருக்கும். ஒன்று முன் அச்சை இணைக்கும். மற்றொன்று லோ கியருக்கு மாற்றும். லோ கியரில் சக்கரம் மெதுவாகச் சுற்றும், இழுவை இரண்டு மடங்குக்கு மேல் கூடும். உலர்ந்த தார்ச்சாலையில் முன் அச்சை இணைக்கக் கூடாது என்பது இந்த வண்டியின் பால பாடம். வளைவில் முன்சக்கரங்கள் பெரிய வட்டத்திலும் பின்சக்கரங்கள் சிறிய வட்டத்திலும் போகும். மண்ணிலும் சேற்றிலும் சக்கரம் கொஞ்சம் சறுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிவிடும். தாரில் சறுக்க வழியில்லாததால் பல்சக்கரங்களுக்குள் முறுக்கேறிப் பாகங்கள் கெடும். கரடுமுரடான தரைக்கென்றே பிறந்த வண்டி அது. இத்தனை விவரமும் ‘ஜீப் – 1’ என்ற பதிவில் காணாமல் போகிறது.

ஒரு நிறுவனத்தின் பெயரையோ ஒரு வண்டியின் பெயரையோ எடுத்து எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராக்குவது நம் வழக்கம். புதுக்கோட்டை வட்டாரக் கல்குவாரிகளில் பத்துச் சக்கர டிப்பர் எந்த நிறுவனத்தினுடையதானாலும் டாரஸ்தான், மண் அள்ளுகிற இயந்திரம் பொக்லைன்தான். பேச்சுக்கு அது போதும், அழகும்கூட. பதிவேட்டுக்குப் போதாது. வகைப்பெயர் என்பது எண்ணும் எழுத்துமாகச் சுருக்கி எழுதப்பட்ட வேலை விவரம். சி.ஜே. என்றால் சிவிலியன் ஜீப், அதாவது இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் உழவனுக்கும் தொழிலாளிக்கும் விற்கச் செய்தது. 1945இல் வந்த சி.ஜே. 2ஏ வண்டியின் பின்புறம் எஞ்சின் சக்தியை வெளியே எடுத்து மர அறுவைக்கும் கதிரடிக்கவும் பயன்படுத்த வசதி இருந்தது. 1953இல் வந்த சி.ஜே. 3பி-யின் எஞ்சினில் உள்ளிழுக்கும் வால்வுகள் மேலே ஏறியதால் பானட்டும் உயர்ந்தது. அந்த உயர்ந்த நெற்றியோடுதான் மஹிந்திரா அதை இந்தியாவில் பல பத்தாண்டுகள் செய்தது. அமெரிக்காவில் அது 1968இல் நின்றபின்னும் இங்கே நிற்கவில்லை. 1980களின் எம்.எம். 540-இல் பியூஜோ டீசல் எஞ்சின் வந்தது. ராணுவத்துக்காக ஜபல்பூரில் செய்த ஜோங்கா, நிசான் பேட்ரோலின் இந்திய வடிவம். அந்தப் பெயரே ஜபல்பூர் ஆர்டினன்ஸ் அண்ட் கன் கேரேஜ் அசெம்பிளி என்பதன் சுருக்கம். 1985இல் வந்த மாருதி ஜிப்ஸி சுஸுகியின் எஸ்.ஜே. 410 வழி வந்தது.

சிறப்பு வேலைக்கென்று மாற்றிய வகைகள் இன்னும் தெளிவாகப் பேசுகின்றன. 1965 செப்டம்பரில் இந்திய–பாகிஸ்தான் போரின்போது கேம்கரண் பகுதியில் இந்திய ராணுவ வீரர் அப்துல் ஹமீது பாகிஸ்தானின் பாட்டன் டாங்கிகளை வீழ்த்தியது ஜீப்பின் மேல் பொருத்திய 106 மில்லிமீட்டர் பீரங்கியால். உயிர் நீத்தபின் அவருக்குப் பரம்வீர் சக்ரா அளிக்கப்பட்டது. அந்தப் பீரங்கிக்கென்றே அமெரிக்க ராணுவம் வைத்திருந்த எம்38ஏ1சி வகையில் முன்கண்ணாடிச் சட்டம் நடுவில் பிளந்திருக்கும், குழாய் அந்த இடைவெளியில் படுத்துக்கிடக்க வேண்டும் என்பதற்காக. வகைப்பெயர் தெரியாதவர் கண்ணுக்கு அது உடைந்துபோன கண்ணாடிச் சட்டம். எழுத்துகளின் பொருளை யாரும் எழுதி வைக்காவிட்டால் கட்டுக்கதை புகுந்துவிடும் என்பதற்கு ‘ஜீப்’ என்ற சொல்லே சாட்சி. பொதுப்பயன் வண்டி என்ற பொருளுள்ள ஆங்கிலத் தொடரின் முதல் எழுத்துகளான ஜி, பி சேர்ந்து ஜீப் ஆனது என்று பலரும் நம்புகிறார்கள். ஆனால் ஃபோர்டு நிறுவனம் செய்த போர்க்கால ஜீப்பின் ஜி.பி.டபிள்யூ. என்ற குறியில் ஜி என்றால் அரசு ஒப்பந்தம், பி என்றால் 80 அங்குல அச்சிடைவெளி, டபிள்யூ என்றால் வில்லிஸ்.

இனி சட்டத்தைப் பார்ப்போம். 2023 ஏப்ரல் 1 முதல் 15 ஆண்டுகள் கடந்த அரசு வாகனங்களின் பதிவைப் புதுப்பிக்க முடியாது. ராணுவத்துக்கும் சட்டம் ஒழுங்குக்கும் தேவையான சிறப்பு வாகனங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. இன்னொரு பக்கம், 2021இல் வந்த விதி, 50 ஆண்டுகள் கடந்து மூல வடிவம் மாறாமல் இருக்கும் வண்டியைத்தான் பழம்பெரும் வாகனம் என்று தனியாகப் பதிவு செய்கிறது. நடுவில் 35 ஆண்டுகள். தனியார் வண்டி சான்றுகளைப் புதுப்பித்து அந்த இடைவெளியைக் கடந்துவிடலாம், அரசு ஜீப்புக்கு வழியே இல்லை. அதிலும் ‘மூல வடிவம் மாறாமல்’ என்ற நிபந்தனை நம் ஊர் ஜீப்பின் இயல்புக்கே எதிரானது. பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டு டீசல் எஞ்சினை ஏற்றியது, உடலை நீட்டி இருக்கை கூட்டியது எல்லாம் இங்கே பிழைப்புக்கான மாற்றங்கள். போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆளேற்றிப் போகும் ஜீப்புகளில் பட்டறைக்காரர் கை படாதது அரிது.

மாற்றம் ஒரு பொருளின் மதிப்பைக் குறைத்துவிடுமா? புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலையின் மேலமலையில் நிற்கும் விஜயாலய சோழீச்சுரம் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறது. 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்தக் கற்றளியை எடுத்தவர் சாத்தன் பூதி என்றும், மழையில் அது இடிந்ததை மல்லன் விடுமன் புதுப்பித்தார் என்றும் அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. கட்டியவர் பெயர், சேதம், செப்பனிட்டவர் பெயர் மூன்றும் ஒரே கல்லில். திசையாயிரத்து ஐநூற்றுவர் என்ற வணிகக் குழு கோலோச்சிய ஊர் அது, பதிந்து வைப்பதன் அருமை அங்கே ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்திருந்தது. அதே மாவட்டத்தில் ஓடித் தேய்ந்த ஜீப்புக்கும் அந்த மூன்று விவரங்களைக் கேட்பது அதிகமில்லை.

ஆயிரம் ஆண்டுக் கோயிலையும் நாற்பது ஆண்டு இரும்பையும் ஒன்றாக வைப்பதா என்று கேட்கலாம். ஒன்றாக வைக்கவில்லை. கோயில் கல், தானே நிற்கும். ஜீப் இரும்பு, வெட்டி உருக்கினால் ஒரே நாளில் இல்லாமல் போகும். அவசரம் அதற்குத்தான். பழைய டீசல் எஞ்சின் கக்கும் புகை என்பது இதைவிட வலுவான மறுப்பு. அதை முழுதாக ஏற்கிறேன். 15 ஆண்டு கடந்த வண்டி சாலையில் ஓட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. நிறுத்திவைத்த வண்டி புகைவிடாது. திருக்கோகர்ணத்தில் உள்ள, 1910இல் தொடங்கிய மாவட்ட அருங்காட்சியகத்தில் ஒரு ஜீப் நிற்க அரை சென்ட் இடமும் வேண்டியதில்லை. கோவையில் கார்களுக்கென்றே அருங்காட்சியகம் இருக்கிறது, செல்வர் வீட்டுக் கார் அழியாது. வேலைக்கார வண்டிக்குத்தான் வாரிசு கிடையாது.

மூன்றாவது மறுப்பைத்தான் நான் அதிகம் பொருட்படுத்துகிறேன். இப்படி ஜீப்பைக் கொண்டாடினால் இளைஞர்கள் புதிய ஃபோர் பை ஃபோர் வண்டியோடு பாறை ஏறக் கிளம்பமாட்டார்களா என்பது அது. நார்த்தாமலையின் ஒன்பது குன்றுகளும் பார்ப்பதற்கு அப்படி ஆசை காட்டும் வழுக்குப் பாறைகள். ஆனால் சுனையும் குடைவரையும் உள்ள அந்தப் பாறை நடந்து ஏற வேண்டிய இடம், டயர் படக் கூடாத இடம். வண்டியின் உண்மையான வேலையை விளக்குவதுதான் அந்த ஆசைக்கு நல்ல மருந்து. லோ கியர் வீரம் காட்ட வந்ததில்லை, நடை வேகத்தில் சுமையோடு தடம் பெயர்க்காமல் போக வந்தது. இதைத் திரைப்படமும் விளம்பரமும் சொல்லாது, அருங்காட்சியகத்தில் அந்த இரண்டு குட்டைக் கம்பிகளைக் காட்டி ஒருவர் சொல்ல முடியும்.

இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. அரசு வண்டி ஓடத் தகுதியற்றது என்று தானியங்கிப் பணிமனைப் பொறியாளர் சான்று தந்த பிறகுதான் ஏலம். அந்தச் சான்றிலேயே சில வரிகள் கூட்டினால் போதும்: வகைப்பெயர், சேஸிஸ் தகட்டில் உள்ள எண், எத்தனை சக்கர இழுவை, எந்தெந்த அலுவலகத்தில் ஓடியது, எந்த எஞ்சின் எப்போது மாற்றப்பட்டது. கடைசி விவரம் பெரும்பாலும் காகிதத்தில் இருக்காது, அந்த வண்டியைப் பார்த்துக்கொண்ட மெக்கானிக்கின் நினைவில்தான் இருக்கும். அவர்களில் பலர் ஓய்வு பெற்றுவிட்டார்கள். கேட்கப் போகிறவர்கள் இந்த ஆண்டே போக வேண்டும்.