கடல் கடக்கும் காலம் எது?

நமது மலையகத்து இளைஞர் நால்வர் கூடித் தேயிலைக் கம்பனி ஒன்றைத் தொடங்கினால், பெரியவர்கள் கூறும் புத்திமதி ஒன்றுதான்: "முதலில் உள்ளூரில் வேரூன்றுங்கள், பிறகு வெளிநாட்டை எண்ணுங்கள்." மிளகாய்த்தூளுக்கு இது பொருந்தலாம், தேயிலைக்குப் பொருந்தாது. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் பயிரிட்ட காலந்தொட்டு, நமது கொழுந்து கடல் கடப்பதற்காகவே பறிக்கப்படுகிறது. இன்றும் விளைச்சலில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அயல்நாடு செல்கிறது. ஆகவே, போவதா வேண்டாமா என்பதன்று வினா. எப்போது, எவர் பெயரில் என்பதே வினா.

1890இல் இலங்கைக்கு வந்த தோமஸ் லிப்டன் நமது தேயிலையைத் தம் பெயரிட்டு உலகெங்கும் விற்றார். விளைத்தவர் பெயர் மறைந்தது. பொதியிட்டவர் பெயர் நிலைத்தது. இந்த முறையை மாற்ற முனைந்தவர், 2023இல் மறைந்த மெரில் ஜே. பெர்னாண்டோ. பல்லாண்டுகள் பிறர் பெயருக்கு மொத்தத் தேயிலை அனுப்பி, வாங்குவோரின் இயல்பை அறிந்த பின்னரே, 1980களில், ஐம்பது வயதைக் கடந்த நிலையில் 'டில்மா'வைத் தொடங்கினார். அத்தனை காலம் காத்திருங்கள் என்று நான் கூறவில்லை. அவர் பெற்றிருந்த ஆயத்தம் உங்களிடம் உண்டா என்றே கேட்கிறேன்.

வழக்கறிஞன் என்ற முறையில் மூன்று கேள்விகளை முன்வைக்கிறேன். ஒருமுறை அனுப்பிய தரத்தை மறுமுறையும் அனுப்ப இயலுமா? 2021இல் அரசு இரசாயன உர இறக்குமதியைத் தடுத்தபோது கொழுந்து குன்றியதை நாம் கண்டோம். வாங்குபவரின் நாக்கு அந்த நியாயத்தைக் கேளாது. அடுத்து, உங்கள் பெயரை அந்த நாட்டிலேயே பதிந்துவிட்டீர்களா? 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்கீழ் கொழும்பில் பதிந்த வணிகக் குறி, சிட்னியில் உங்களைக் காக்காது. இறுதியாக, அனுப்பிய சரக்குக்குப் பணம் வாராது போனால் தாங்கும் முதல் உண்டா? வங்கியின் நாணயக் கடிதம் இன்றி வெறும் வாக்கை நம்பிக் கப்பலேற்றலாமா?

இவை கம்பனிக்காரருக்கு மட்டும் உரிய கேள்விகள் என்று எவரும் எண்ண வேண்டாம். வெளிநாட்டில் பணம் முடங்கினால் முதலில் நிறுத்தப்படுவது எது? கொழுந்து கொடுத்த சிறுதோட்டக்காரரின் கணக்கு; பொதியிடும் பெண்ணின் கூலி. ஆதாயத்தில் பங்கு பெறாதவர்கள் நட்டத்தில் மட்டும் பங்காளிகள் ஆவது நீதியன்று.

ஆகவே இளைஞர்களே, அஞ்சி நிற்கவும் வேண்டாம். ஐந்து நாடுகளில் ஒரே நாளில் கடை விரிக்கவும் வேண்டாம். ஒரு நாடு, அறிந்த ஒரு வியாபாரி, சிறிய அளவு என்று தொடங்குங்கள். மூன்று கேள்விகளுக்கும் 'ஆம்' என்று கூற முடியும் நாளே நீங்கள் கடல் கடக்க வேண்டிய நாள். அன்று பொதியின்மேல் நமது ஊரின் பெயரையும் பொறித்து அனுப்புங்கள்!