உராய்வு எப்போதும் மியூ ஆர் இல்லை!

உயர்தரப் பிள்ளைகளுக்குப் பௌதிகவியலை இப்படிக் கொல்லாதீர்கள்.

மேசையில் 5 கிலோகிராம் குற்றி. அதில் கட்டிய இழை ஒப்பமான கப்பிக்கு மேலால் போய் 1 கிலோகிராமைத் தாங்குகிறது. எல்லாம் அசையாமல் நிற்கிறது. நிலையியல் உராய்வுக் குணகம் 0.4, ஈர்ப்பு ஆர்முடுகல் 10. உராய்வு எவ்வளவு?

சூத்திரத்தை மனனம் பண்ணிய பிள்ளை உடனே 20 நியூற்றன் என்று எழுதும். இழுவையே 10 நியூற்றன்தானே! அப்போ குற்றி பின்னுக்கல்லவா ஓட வேண்டும்? எந்த ஊர் மேசையில் அது நடக்கும்?

20 என்பது எல்லை. அதுவரை, இழுக்கிற அளவுக்குத்தான் உராய்வு தடுக்கும். இங்கே 10.

"சிலபஸ் முடிக்க நேரமில்லை" என்கிற சேர்மாரே, சூத்திரத்துக்கு முதல் ஒரேயொரு கேள்வி கேளுங்கள்: குற்றி அசையுமா?