பரணா, கண்ணாடியா?

1984-ல் ஆப்பிள் கம்பெனி மெக்கின்டாஷ் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தபோது, திரையில் ஒரு குப்பைத்தொட்டிப் படம் வைத்தார்கள். வேண்டாத ஃபைலை இழுத்து அதில் போட்டால் தீர்ந்தது. குழந்தைக்கும் புரியும். அதோடு விட்டிருக்கலாம். மெஷினுக்குள் இருக்கும் ஃப்ளாப்பியை வெளியே எடுக்கவும், அதன் படத்தை அதே தொட்டியில் போடலாம் என்று வைத்துவிட்டார்கள். ஆறு மாச வேலை அதில் இருந்தால் வயிற்றைக் கலக்குமா, கலக்காதா? உண்மையில் ஒன்றும் அழியாது. சமர்த்தாக வெளியே துப்பும். 2001-ல் ஓ.எஸ். டென் வந்தபோதுதான், டிஸ்க்கை இழுத்தவுடன் தொட்டிப் படம் 'வெளியேற்று' குறியாக மாறியது.

டொனால்ட் நார்மன் என்கிற மனோதத்துவக்காரர், 1988-ல் வந்த தன் புத்தகத்தில் வீட்டு ஃப்ரிட்ஜைப் பிடிபிடி என்று பிடித்திருக்கிறார். இரண்டு குமிழ். ஒன்று ஃப்ரீசருக்கு, மற்றது காய்கறிக்கு என்றுதான் யாரும் நினைப்போம். உள்ளே இருப்பதோ ஒரே குளிர் இயந்திரம், ஒரே தெர்மோஸ்டாட். ஒன்றைத் திருகினால் இரண்டு பக்கமும் மாறும். செய்தவன் மனசில் ஒரு படம், நம் மனசில் வேறு படம்.

படித்துச் சிரித்தேன், போன வருஷம் வரை.

என் செல்போனில் இடம் நிரம்பிவிட்டது. 'உங்கள் படங்கள் எல்லாம் கிளவுடில் பத்திரம்' என்றது. கிளவுட் என்றால் எனக்குப் பரண்மேல் டிரங்குப்பெட்டி. அங்கேதான் இருக்கிறதே என்று போனில் இருந்ததை மளமளவென்று அழித்தேன். 'நீக்கவா?' என்று கேட்டது. ஓகே. எங்கெங்கிருந்து என்று கேட்கத் தோன்றவில்லை, எனக்கும் அதற்கும்.

புரோகிராம் எழுதிய புண்ணியவான் மனசில் இருந்தது பரண் இல்லை சார், கண்ணாடி! இங்கே இல்லாதது அங்கேயும் இல்லை. 30 நாள் தொட்டியில் வைத்திருந்து, துடைத்துவிட்டது. நான் தேடியது இரண்டு மாசம் கழித்து.

கஸ்டமர் கேர் பையன் மரியாதையாகத்தான் பேசினான். "நீங்கதானே சார் ஓகே குடுத்திருக்கீங்க?"

போனதில் முக்கால்வாசி குப்பைதான், ஒப்புக்கொள்கிறேன். ஒரே ஒரு வீடியோ, நாற்பது விநாடி. அப்பா ஊஞ்சலில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். நடுவில் ஒரு தடவை இருமிவிட்டு, "என்னடா, படம் புடிக்கறியா?" என்பார்.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் அம்மா கேட்கிறாள், "அப்பா பேப்பர் படிப்பாரே, அதப் போட்டுக் காட்டேண்டா."

"சார்ஜ் இல்லம்மா" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.