ஒரு சொல்லும் சிவகாசியின் வானமும்

ஒரு சொல் பல பொருள் குறிப்பது எம்மொழிக்கும் இயல்பு. 'டிரோன்' என்னும் ஆங்கிலச் சொல் முதலில் ஆண் தேனீயைக் குறித்தது. தேன் திரட்டாத அத்தேனீயின் பெயர் பின்னர்ச் சோம்பேறிக்கும் ஆயிற்று. இடையறாத ரீங்கார ஒலியும் அப்பெயரே பெற்றது. நாகசுரத்துக்குத் துணையாகும் ஒத்தின் ஒலி அத்தகையது. நாமோ எதற்கும் தலையாட்டுவதை 'ஒத்து ஊதுதல்' என்கிறோம்.

1935இல் பிரித்தானியர் பீரங்கிப் பயிற்சிக்கு இலக்காக ஆளில்லா விமானமொன்றைப் பறக்கவிட்டு, 'இராணித் தேனீ' எனப் பெயரிட்டனர். அதனையொட்டியே இவ்வகை விமானங்கள் டிரோன் எனப்பட்டன என்பர்.

இன்று அச்சொல் நம் திருமண வீடுகளிலும் வயல்களிலும் வழங்குகிறது. சிவகாசிக்கோ அது வாழ்வுச் சிக்கலும் ஆகும். 2022 சனவரி 29இல் தில்லி வானில் 1000 டிரோன்கள் ஒளிக்கோலம் இட்டன, புகையில்லை, வெடியில்லை. வாணவேடிக்கையின் இடத்தை அது கொள்ளுமாயின், திரி வெட்டியும் மருந்து அடைத்தும் பிழைக்கும் குடும்பங்கள் என்செய்யும்? உழைப்போர் மீதன்றோ 'உழையாத தேனீ' என்னும் பழம்பொருள் வந்து சேரும்!

ஆயினும், 2012இல் முதலிப்பட்டியிலும் 2021இல் அச்சங்குளத்திலும் நேர்ந்த வெடிவிபத்துகளை நாம் மறத்தல் இயலாது. தீப்பற்றிய மருந்தறையை மனிதர் நெருங்கவியலாதபோது, மேலிருந்து கண்டு சொல்லும் கண் தேவை. ஆதலின் டிரோன் முதலில் காவலுக்கு வரட்டும். வேலைக்கு மாற்றாக வருமாயின், அதற்குமுன் மாற்றுத்தொழில் வரட்டும். புதுமை என்பதற்காக ஒத்து ஊதவும் வேண்டா. அஞ்சி ஒதுக்கவும் வேண்டா என்பதே நம் கருத்து.