இரண்டு மூளைப் படங்கள் எதற்கும் சான்றல்ல

மூளைப் படம் பொய் சொல்லாது என்ற நம்பிக்கை எங்கும் பரவிக் கிடக்கிறது. தியானத்துக்கு முன் மூளையின் செயல்பாட்டைக் காட்டும் எஃப்எம்ஆர்ஐ ஸ்கேன் ஒன்று, பின் ஒன்று. வண்ணம் மாறியிருந்தால் மூளையே மாறிவிட்டது என்று தலைப்புச் செய்தி. அந்த வண்ணம் கண்ணால் கண்ட காட்சி அல்ல. ரத்தத்தின் ஆக்சிஜன் ஏற்ற இறக்கத்திலிருந்து கணக்கிட்டுப் பூசப்பட்டது.

எதுவும் மாறாத ஒருவரையே இருமுறை ஸ்கேன் செய்தால் ஒரே விடை வருமா? இதுதான் மறுசோதனை நம்பகத்தன்மை. இதை அளக்கும் ஐசிசி எண் 1-ஐ நெருங்கினால் நல்லது, 0.4-க்குக் கீழே போனால் மோசம் என்பது வழக்கமான தரம். டியூக் பல்கலைக்கழகத்தின் எலியட், ஹரிரி குழு 2020-இல் 90 சோதனைகளை, 1,008 பேரின் தரவுகளைத் தொகுத்துப் பார்த்தது. ஏதேனும் பணியைச் செய்யவைத்து எடுக்கும் எஃப்எம்ஆர்ஐ அளவுகளுக்குக் கிடைத்த சராசரி 0.397. இதைச் சொன்ன ஹரிரி, இத்தகைய படங்களைக் கொண்டே பல்லாண்டு ஆய்வு செய்தவர்.

"ஆய்வுக்கு ஆய்வு அதே பகுதிதானே ஒளிர்கிறது?" என்பார்கள். ஒளிர்வது குழுவின் சராசரி. பயந்த முகத்தைக் கண்டால் பெரும்பாலோருக்கும் மூளையின் அமிக்டலா பகுதி ஏறத்தாழ ஒரேபோல் தூண்டப்படலாம். அதனாலேயே யாருக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல அந்தச் சோதனை உதவாது. ஆட்களைக் கூட்டினால் சராசரி உறுதிப்படும். தனி ஒருவரின் அளவு திருந்தாது. அமெரிக்காவில் பதினோராயிரத்துக்கு மேற்பட்ட சிறுவர்களைப் பின்தொடரும் ஏபிசிடி ஆய்வின் பணிசார் படங்களிலும் நம்பகத்தன்மை மிகத் தாழ்வு என்று 2022-இல் தெரியவந்தது.

நெடுங்கால ஆய்வில் சிக்கல் இன்னும் கூடுகிறது. இடையில் ஸ்கேனரை மேம்படுத்தினாலே அளவு நகரும். தலை அசைந்தால் சாம்பல் நிறப்பொருள் குறைந்ததுபோல் காட்டும். வளர வளரச் சிறுவர்கள் அசைவது குறையும். அந்த வேறுபாடு மூளை வளர்ச்சியின் கணக்கில் ஏறிவிடும். இரண்டு ஆண்டு இடைவெளியில் எடுத்த படங்களில் உண்மை மாற்றம் எது, அளவீட்டுப் பிழை எது என்று பிரிக்க, சிலரையாவது சில நாளுக்குள் மறுபடி ஸ்கேன் செய்தாக வேண்டும்.

கட்டியைத் தேடும் மருத்துவ எம்ஆர்ஐயை இங்கே யாரும் குறை கூறவில்லை. மூளைப் பகுதிகளின் கன அளவும் பெரும்பாலும் நிலையாகவே திரும்பக் கிடைக்கிறது. எஃப்எம்ஆர்ஐக்கும் வழி உண்டு: 'மிட்நைட் ஸ்கேன் கிளப்' ஆய்வு பத்தே பேரைப் பல இரவுகள், மணிக்கணக்கில் ஸ்கேன் செய்தது; தரவு கூடக் கூட ஒவ்வொருவரின் வரைபடமும் நிலைபெற்றது.

செலவும் உழைப்பும் பிடிக்கும் வேலைதான். அதைச் செய்யாதவர்கள் 'மூளை மாறியது' என்று அறிவிக்க உரிமையற்றவர்கள். அடுத்த முறை அப்படி ஒரு செய்தி கண்ணில் பட்டால், மறுசோதனை எண் எங்கே என்று கேளுங்கள்.