யார் கையில் கொடுத்தோம்?

அமெரிக்க விடுதலைப் போரில் வென்ற சிப்பாய்கள் 1783 ஜூனில் ஊர் திரும்பியபோது, அவர்களுக்குச் சேர வேண்டிய சம்பளம் நிலுவையில் இருந்தது. மாதம் 6⅔ டாலர் பேசி ஆள் சேர்த்த, மாநிலங்களின் கூட்டு அவையான காங்கிரசுக்கு வரி விதிக்கும் அதிகாரம் கிடையாது. அது அச்சடித்த நோட்டோ, 1780இலேயே 40 டாலர் நோட்டுக்கு ஒரு வெள்ளி டாலர் என்று காங்கிரஸே ஒப்புக்கொள்ளும் அளவுக்கு விழுந்துவிட்டது. அதே ஜூனில் பிலடெல்பியாவில் சிப்பாய்கள் துப்பாக்கியோடு வந்து பாக்கியைக் கேட்டார்கள். காங்கிரஸ் பிரின்ஸ்டனுக்குப் போய்விட்டது.

பிறகு கணக்குப் பார்க்கும் வேலை தொடங்கியது. படைச் சம்பள அதிகாரி ஜான் பியர்ஸ், அவரவர் பாக்கியைக் கணக்கிட்டு 6 சதவீத வட்டிக்குக் கடன் பத்திரங்கள் கொடுத்தார். மொத்தம் 90,000க்கும் மேல். பொறுமையான, நேர்மையான உழைப்பு அது. ஆனால் பத்திரத்தைக் கொடுத்து விதையோ உப்போ வாங்க முடியாது. வறுமையில் பலர் ஒரு டாலர் பத்திரத்தைப் பத்து, பதினைந்து சென்ட்டுக்கு விற்றார்கள். காசு வைத்திருந்தவர்கள் வாங்கிச் சேர்த்தார்கள். மாசசூசெட்ஸில் மாநிலக் கடனை அடைக்க விதித்த வரி, பத்திரத்தை விற்ற உழவர்கள் தலையிலும் விழுந்தது. 1786இல் அங்கே கலகம் செய்தவர்களின் தலைவர்களில் ஒருவரான டேனியல் ஷேஸ், முன்னாள் படைக் கேப்டன்.

1790இல் நிதிச் செயலர் ஹாமில்டன், பத்திரம் இன்று யாரிடம் இருக்கிறதோ அவருக்கே முழுத்தொகை என்றார். கைமாறிய பத்திரத்தை மதிக்காத அரசை நாளை யார் நம்புவார்கள் என்பது அவர் வாதம். வாங்கியவருக்குச் சந்தையின் உச்ச விலை, மீதி முதலில் உழைத்தவனுக்கு என்றார் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் மேடிசன். முதல் உரிமையாளரை எப்படித் தேடுவது என்று எதிர்த்தவர்கள் கேட்டார்கள். பியர்ஸின் பேரேட்டில் பெயர்கள் இருந்தன. ஆனாலும் மேடிசனின் தீர்மானம் 13க்கு 36 என்ற வாக்கில் தோற்றது.

தளபதி வாஷிங்டன் கொடுத்த போர்க்காலச் செலவுக் கணக்கைச் சரிபார்த்த தணிக்கையாளர்கள், அவருக்கு இன்னும் 89/90 டாலர் சேர வேண்டும் என்று கண்டுபிடித்தார்கள். ஒரு டாலரின் பின்னம் வரை போகத் தெரிந்த நாடு அது. அதே நாடு 1818இல்தான் ஏழைப் போர்வீரர்களுக்கு ஓய்வூதியம் அறிவித்தது. 1820இல், சட்டி, பசு வரை தங்கள் உடைமைகளைப் பட்டியலிட்டு, சத்தியம் செய்து வறுமையை நிரூபிக்குமாறு அவர்களிடம் சொன்னது. உரிமையாக வந்திருக்க வேண்டிய காசு, முதுமையில் உதவித்தொகையாக வந்தது.

ஹாமில்டனின் திட்டம் அமெரிக்காவின் கடன் மதிப்பை நிமிர்த்தியது உண்மை. அந்த மதிப்புக்கான விலையை ரத்தம் சிந்தியவனிடமே வாங்கியது அநீதி. போர்க்கணக்கை மூடும் எந்த அரசும், எவ்வளவு கொடுத்தோம் என்ற பத்திக்குப் பக்கத்திலேயே யார் கையில் கொடுத்தோம் என்றும் எழுத வேண்டும். அந்தப் பத்தி காலியாக இருக்கும் வரை கணக்கு முடிந்ததாக நாம் ஒப்புக்கொள்ளக் கூடாது.